கியாரான்னு பேரு வெக்கலாமா? கெப்போங் தம்பிக்கு பதில்

வாசகர் கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க கோலாலம்பூர் பக்கம் கெப்போங்ல இருக்கோம். முதல் குழந்தை, பொம்பளப் புள்ள. மிருகசீரிடம் நாலாம் பாதம், கோயில் ஐயரு கா இல்லன்னா கி-ல பேரு வெக்கச் சொன்னாரு. மனைவி அன்னிக்கே கியாரான்னு முடிவு பண்ணிட்டாங்க, நடிகை பேரு. நெட்ல தேடுனா ஒரு எடத்துல வெளிச்சம்னு போட்டுருக்கு, இன்னொரு எடத்துல கருப்புன்னு போட்டுருக்கு, வேற ஒண்ணுல சமஸ்கிருதப் பேருங்கிறான். நியூமராலஜிகாரரு கூட்டுத்தொகை 7 வருது, பொம்பளப் புள்ளைக்கு ஆகாது, எழுத்து கூட்டிப் போடுங்கன்னு கே ஐ ஒய் ஏ ஏ ஆர் ஏ எச்னு எழுதிக் குடுத்துருக்காரு. இது போதாதுன்னு எங்கம்மா. அவங்க புக்கிட் கியாரா எஸ்டேட்ல பொறந்து வளந்தவங்க. "நான் பால் மரம் சீவுன தோட்டத்துப் பேரையா எம்பேத்திக்கு வெக்கப் போறீங்க"ன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க. இது நெசமாவே அரிதான பேரா, இல்ல இப்ப எல்லாரும் வெக்கிறதா? வெக்கலாமா வேணாமா?

பதில்:

தம்பி, மொதல்ல பதில சொல்லிட்டு அப்புறம் கதைக்கு வரேன். வெக்கலாம். ஆனா கே ஐ ஏ ஆர் ஏ, அஞ்சே எழுத்து, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். உங்கம்மா கோவத்த மட்டும் பழைய காலத்து ஆளு அப்படித்தான்னு தள்ளிடாதீங்க, நீங்க எழுதுனதுலயே கனமான விஷயம் அதுதான்.

என் தொழில் பத்திரம் மொழிபெயர்க்கிறது. பெர்த் சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரம், சொத்துப் பத்திரம், இந்தியாவுல இருந்து வர்ற பழைய காகிதம், எல்லாம் என் மேசைக்கு வரும். பேரு எப்படி வருது, எப்படி மாறுது, எங்க போய் மாட்டிக்குதுன்னு பாக்குறதே என் பொழப்பு, அதனால ஜோசியம் பக்கம் நான் போகல, பேரு வந்த வழிய மட்டும் சொல்றேன்.

நெட்ல ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்குன்னு கொழம்புறீங்கல்ல, அதுல ரெண்டு உண்மை, ஒண்ணு சும்மா. கியாராங்கிறது ஒரே பேரு கிடையாது. சம்பந்தமே இல்லாத சில பேருங்க காதுக்கு ஒரே மாதிரி கேக்குது, அவ்வளவுதான்.

வெளிச்சம்னு சொல்றது இத்தாலிக் கணக்கு. அங்க சி எச்னு ஆரம்பிச்சு எழுதுவாங்க, ஆனா வாயில வர்றது கியாராதான். லத்தீன்ல கிளாரா, தெளிவு, பிரகாசம்னு அர்த்தம், அதுல இருந்து வந்தது. அசிசி ஊரு பிரான்சிஸ் கூட இருந்த புனித கிளாராவுக்கு இத்தாலில இந்தப் பேருதான். 1194ல பொறந்து 1253ல இறந்தவங்க, பணக்கார வீட்ட விட்டுட்டு ஏழையா வாழ்ந்த கன்னியர் சபை ஒண்ண ஆரம்பிச்சவங்க. கடைசி காலத்துல படுக்கையில கெடந்தப்ப கோயில்ல நடந்த பூசை அவங்களுக்கு சுவத்துல தெரிஞ்சுச்சுன்னு ஒரு கதை உண்டு, அத வெச்சு 1958ல போப்பாண்டவர் இவங்கள டிவிக்குப் பாதுகாவலர்னு அறிவிச்சாரு! சாயங்காலம் ஆனா சீரியல விட்டு நகராத பாட்டிமாருங்க நம்ம வீடுங்கள்ல எத்தனை பேரு, இது அவங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்.

கருப்புன்னு சொல்றது அயர்லாந்துக் கணக்கு. அதுவும் பொய் இல்ல. அவங்க சி-ல எழுதுவாங்க, கீரான்னு சொல்லுவாங்க. அவங்க பாஷையில கியர்னா கருப்பு, கருமையான முடி. கருத்த கூந்தல்காரின்னு வெச்சுக்குங்களேன். ஏழாம் நூற்றாண்டுல அங்கயும் இந்தப் பேருல ஒரு புனிதவதி இருந்திருக்காங்க, தொண்ணூறுகள்ல அயர்லாந்துல பொம்பளப் புள்ளைங்களுக்கு ரொம்பப் பிரபலமா ஓடுன பேரு. ஆக ஒருத்தன் வெளிச்சம்ங்கிறான், ஒருத்தன் கருப்புங்கிறான், ரெண்டு பேரும் அவங்கவங்க ஊருல சரியாத்தான் சொல்றாங்க.

இதுல உங்க பக்கத்து சொந்தக்காரங்க யாராச்சும் ஐயோ கருப்புன்னு அர்த்தமா வேணாம்னு சொன்னா காதுலயே வாங்காதீங்க. நம்ம பாட்டிங்க பேரு கருப்பாயி, கருப்பம்மா, கும்பிடுறது காளிய, கண்ணன் கருப்பு, எஸ்டேட் எல்லையில நின்ன சாமிங்கள்ல பாதி கருப்பன். இப்ப வந்து க்ரீம் டப்பா விளம்பரத்தப் பாத்துட்டு கருப்புக்கு மூக்க சுளிக்கிறது எனக்கு எப்பவுமே எரிச்சலான விஷயம், சரி விடுங்க.

கே-ல எழுதுறமே அந்த உருவம் அமெரிக்காக்காரன் குடுத்தது. அங்க கவர்மெண்ட்டே வருசா வருசம் எந்தப் பேரு எத்தனை குழந்தைக்கு வெச்சாங்கன்னு லிஸ்ட் போடும், 1880ல இருந்து கணக்கு இருக்கு. அந்த லிஸ்ட்ல மொத ஆயிரம் பேருக்குள்ள கியாரா தலை காட்டுனது 1988ல. அதே வருசம் கியாராங்கிற பேருல பாடுன ரெண்டு பேரு கொண்ட பாட்டுக்குழு ஒண்ணு ரேடியோவுல ஓடிக்கிட்டு இருந்துச்சு, கவனிச்சீங்கன்னா அவங்க ஆம்பளைங்க. பத்து வருசம் கழிச்சு 1998ல டிஸ்னி லயன் கிங் ரெண்டாம் பாகத்த வீடியோவுல விட்டப்ப சிம்பாவோட மகளுக்கு கியாரான்னு பேரு வெச்சாங்க. அதனாலதான் சில வெப்சைட் இத ஆப்பிரிக்கப் பேருங்கிறான். சிம்பா சுவாஹிலி, சிங்கம்னு அர்த்தம், சரிதான், ஆனா அப்பன் பேரு சுவாஹிலியா இருந்தா மக பேரும் அப்படித்தான்னு எழுதுறது எந்த ஊரு நியாயம் லா.

உங்க மனைவி சொல்ற நடிகைக்கு வருவோம். கியாரா அத்வானியோட சொந்தப் பேரு ஆலியா. அவங்க சினிமாவுக்கு வர்ற நேரத்துல ஆலியா பட் ஏற்கனவே பெரிய ஆளா ஆயிட்டாங்க, ஒரே எடத்துல ரெண்டு ஆலியா வேணாம்னு சல்மான் கான் சொல்ல, 2010ல வந்த அஞ்சானா அஞ்சானி படத்துல பிரியங்கா சோப்ராவோட கதாபாத்திரத்துக்கு இருந்த பேர எடுத்து வெச்சுக்கிட்டாங்க. மொதப் படம் 2014ல. அதாவது ஒரு நடிகை இன்னொரு நடிகை நடிச்ச வேசத்துப் பேர எடுத்துக்கிட்டாங்க, அத இப்ப உங்க வீட்டம்மா எடுக்கிறாங்க. இதுல கேலி பண்ண ஒண்ணும் இல்ல. நம்ம ஊருலயும் சினிமாவப் பாத்துப் பேரு வெச்ச தலைமுறைங்க எத்தனையோ, பத்மினியும் சரோஜாவும் எஸ்டேட் எஸ்டேட்டா எப்படி வந்தாங்கன்னு நெனைக்கிறீங்க.

சமஸ்கிருதம்னு போட்டுருக்கிறத மறந்துடுங்க. குழந்தைப் பேரு வெப்சைட்டுங்களுக்கு ஒரு பழக்கம், இந்தியாவுல ஒரு பேரு ஓட ஆரம்பிச்சா உடனே சமஸ்கிருதம்னு ஒட்டிட்டு கடவுளின் பரிசு, தூய்மையானவள்னு எதையாச்சும் எழுதிடும். தமிழ்ப் பேரும் கிடையாது. ஐயரு குடுத்த எழுத்துக்கு மட்டும் பொருந்துது, பஞ்சாங்கத்துல மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி, நாலாம் பாதத்துக்கு கி, அதுல தப்பு இல்ல.

அரிதான்னு கேட்டீங்க. உங்கம்மா தலைமுறைக்கு அரிது, உங்களுக்கு அரிது, உங்க மக கிண்டர்கார்டன் போறப்ப அவ்வளவு அரிதா இருக்காது. நம்ம நாட்டு கவர்மெண்ட்டோட டேட்டா வெப்சைட்டுல, டேட்டா டாட் கவ் டாட் எம்ஒய்னு இருக்கே அதுல, ஒரு பேரு எந்தப் பத்தாண்டுல எவ்வளவு ஓடிச்சுன்னு தேடிப் பாக்குற வசதி இருக்கு, நேரம் கெடச்சா மனைவியும் நீங்களும் தட்டிப் பாருங்க, உங்க பேரையே தட்டிப் பாத்தாலும் நல்லா பொழுது போகும். நான் என் மேசையில பாக்குறத வெச்சு சொல்றேன், முனியம்மா, அஞ்சலை, லெட்சுமின்னு ஒரு காலம், அப்புறம் மேடைப் பேச்சும் தமிழ்ப் பற்றும் ஓங்குனப்ப தமிழ்ச்செல்வி, மலர்விழி, கலைச்செல்வி, அதுக்கப்புறம் சாந்தி, வசந்தி, உமா, அப்புறம் தர்ஷினி, ரூபஷினின்னு ஷினி போடாம ஒரு வீட்டுலயும் பேரு வெக்கல. இப்ப ரா காலம். மைரா, கியாரா, கைரா, தாரா. ரெண்டு மூணு எழுத்து, வெள்ளைக்காரன் வாயிலயும் நுழையணும், மலாய்க்காரங்க சீனவங்க கூப்புடவும் ஈசியா இருக்கணும், கொஞ்சம் சினிமா வாடையும் வேணும். ஆக அரிது கிடையாது, புதுசு. எல்லா வீட்டுலயும் இருக்குன்னும் சொல்ல முடியாது. ஒரு கிளாஸ்ல இன்னொரு கியாரா இருந்தா குடியா முழுகிப் போகும், எங்க கிளாஸ்ல சாந்தி மட்டும் ஒரு வரிசை இருந்தாங்க.

இப்ப எழுத்துக்கு வரேன், இதுதான் என் ஏரியா. நியூமராலஜிகாரரு போட்ட கணக்கு எனக்குத் தெரியும். கே-க்கு 2, ஐ-க்கு 1, ஏ-க்கு 1, ஆர்-க்கு 2, மறுபடி ஏ-க்கு 1, கூட்டுனா 7. அவரு எழுதிக் குடுத்ததக் கூட்டுங்க, எச்-க்கு மட்டும் 5, மொத்தம் 14, ஒண்ணும் நாலும் 5, அதுக்குத்தான் அந்த எச். அவரு கணக்குல அது சரி. ஆனா அந்த எச்ச தூக்கிட்டுப் போகப் போறது உங்க மக. அரபுப் பேரு மாதிரி ஆ எச்னு முடிஞ்சா இந்த நாட்டுல கவுண்டர்ல இருக்கிறவங்க மலாய்ப் பொண்ணுன்னு நெனச்சுத்தான் படிப்பாங்க, பின்னாடி ஏ பி, அதாவது அனாக் பெரம்புவான், இன்னாரு மகள்னு அப்பா பேரு வந்ததும் திகைப்பாங்க, விளக்கம் சொல்லிட்டே இருக்கணும். இன்னொரு எடத்துல ரெண்டு ஏ-ல ஒண்ண விட்டுட்டு டைப் பண்ணுவான். ஸ்கூல் ரிஜிஸ்டர்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி, அப்புறம் ரெண்டும் ஒரே ஆளுதான்னு சூராட் அக்குவான், அதான் சத்தியப் பத்திரம், எழுதிக்கிட்டு சத்தியம் பண்ணிக் கையெழுத்து வாங்கணும். எனக்கு வர்ற வேலையில ஒரு நல்ல பங்கு இதுதான், என் வயித்துல நானே அடிச்சுக்கிட்டு சொல்றேன், எழுத்தக் கூட்டாதீங்க.

நம்ம பாட்டிங்களுக்கு இந்தக் கொடுமைய அவங்க கேக்காமலே செஞ்சாங்க. எஸ்டேட் கிராணியோ ஆஸ்பத்திரி ஆளோ காதுல விழுந்தத எழுதுவாரு, ஒரே வீட்டுல அக்கா லெட்சுமிக்கு ஒய்-ல முடியும், தங்கச்சி லெட்சுமிக்கு ஐ-ல முடியும், நடுவுல ஒரு டி வரும் வராது. அந்த சிக்கல இன்னிக்கு காசு குடுத்து வாங்குறோம்.

அயர்லாந்து மாதிரி சி-லயோ இத்தாலி மாதிரி சி எச்-லயோ எழுதலாமான்னு மனைவி கேட்டா அதுவும் வேணாம். 1972ல மலாய் எழுத்துமுறைய மாத்துனப்ப சி எச் போய் வெறும் சி வந்துச்சு, அதனால இங்க சி-யப் பாத்தா யாரும் க-ன்னு படிக்க மாட்டாங்க, ச்சியாராதான். புள்ள ஆயுசுக்கும் திருத்திக்கிட்டே இருக்கும். கே-ல எழுதுனா மலாய் படிக்கத் தெரிஞ்ச எந்தக் குழந்தையும் மொத தடவையே சரியாச் சொல்லும்.

அப்படிச் சொல்றதுக்கு காரணமே கியாரா மலாய்ச் சொல்லும்ங்கிறதுதான். இது எந்தக் குழந்தைப் பேரு வெப்சைட்டுலயும் முன்னாடி வராது. மலாய்ல ஆரான்னா அத்தி வகை மரம், கியாராவும் அந்த வகைதான், நம்ம ஆலு, அரசு, அத்தி எல்லாம் ஒரே குடும்பம், அதுல சேர்ந்தது. சுண்டா பாஷையிலயும் கியாரா மரம்தான், பாண்டுங் நகரத்துல கியாராசொண்டோங்னு ஒரு எடமே இருக்கு, சாஞ்ச கியாரான்னு அர்த்தம். நம்ம ஊருலயும் பாதி எடம் மரத்துப் பேருதான், செந்தூல் ஒரு பழ மரம், பெட்டாலிங் ஒரு காட்டு மரம், பினாங்கு பாக்கு மரம். புக்கிட் கியாரான்னா கியாரா மரம் நின்ன குன்று.

அந்தக் குன்றுலதான் உங்கம்மா பொறந்துருக்காங்க. தம்பி, இத நீங்க ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க, நான் அங்கயே நின்னுட்டேன். புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்த எண்பதுகளோட தொடக்கத்துல கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு. பால் மரம் சீவிக்கிட்டு இருந்த குடும்பங்கள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்ல நீட்டு வீடுங்க கட்டி அங்க கொண்டு போய் வெச்சாங்க, சொந்த வீடு வரும்னு சொல்லி. தற்காலிகம்னு சொன்ன அந்த வீட்டுல பல குடும்பம் பல பத்தாண்டு காத்துக் கெடந்துச்சு, புள்ளைங்க அங்கயே பொறந்து வளந்து கல்யாணம் கட்டிக்கிச்சு. தோட்டம் இருந்த பக்கம் கோல்ப் கிளப் வந்துச்சு, குதிரை ஓட்டுற கிளப் வந்துச்சு. குன்றுக்கு இன்னொரு பக்கம் தொண்ணூறுகள்ல கொண்டோமினியமா எழும்பி நின்னுச்சு, அதுக்கு புக்கிட்ட எடுத்துட்டு மோன்ட் கியாரான்னு பேரு வெச்சாங்க. மோன்ட்னாலும் பிரெஞ்சுல குன்றுதான். புக்கிட்னா தோட்டம், மோன்ட்னா கொண்டோ.

இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரே பேரு வீட்டுக்குள்ள ரெண்டு காதுல எப்படி விழுதுன்னு. உங்க மனைவிக்கு கியாரான்னா ஸ்க்ரீன்ல வர்ற அழகான பொண்ணு, ஸ்டார்பக்ஸ் இருக்கிற தெரு. உங்கம்மாவுக்கு விடியுறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேரு குடுக்குற எடத்துக்கு, ஓடுறது, நெத்தியில வெளக்கு, மழை பேஞ்சா அன்னிக்குக் கூலி இல்ல, அப்புறம் ஒரு நாள் கெளம்புன்னு சொல்லிட்டாங்க. பேரு பழசா இருக்குன்னு அவங்க மறுக்கல. எந்தப் பேரச் சொல்லி நம்மள அந்த எடத்த விட்டு அனுப்புனாங்களோ அது இப்ப ஸ்டைல் ஆயிடுச்சா, அதுவும் எம்மகன் வீட்டுலயே, அப்படின்னு இருக்கும். இது என் ஊகம்தான், நீங்க கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. உக்கார வெச்சு அர்த்தம் சொல்லிக் குடுக்கப் போகாதீங்க. அம்மா அந்தத் தோட்டத்துல நம்ம லயத்து வீடு எங்க இருந்துச்சு, கோயிலு எங்க இருந்துச்சு, பெரிய மரம் ஏதாச்சும் நின்னுச்சான்னு கேளுங்க. அவங்க பேசட்டும். மனைவியும் கூட இருக்கட்டும், அவங்களுக்கும் இந்தக் கதை தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

பேசுனப்புறம் ரெண்டுல ஒண்ணு நடக்கும். மனசு எறங்கி, சரி நம்ம எடத்துப் பேருதானேன்னு சொல்லலாம். அப்படின்னா பேரு வெக்கிற அன்னிக்கு குழந்தை காதுல மூணு தரம் பேரச் சொல்றது அவங்களா இருக்கட்டும், அத்தைக்கு அந்த உரிமை இருக்குன்னு யாராச்சும் சண்டைக்கு வந்தா அத்தைக்கு சங்கிலி போடுற உரிமையக் குடுத்து சமாதானம் பண்ணுங்க. என்னக் கேட்டா இந்த நாட்டுல கியாரான்னு பேரு வெச்ச வீடுங்கள்ல அந்தப் பேருக்கு உங்களவிட உரிமை உள்ள வீடு ரொம்பக் கொறச்சல்தான். இத்தாலியும் வேணாம் அயர்லாந்தும் வேணாம், பாட்டி பொறந்த மண்ணுன்னு சொன்னா முடிஞ்சுது, எவன் கேள்வி கேப்பான்.

இல்ல, அந்தப் பேரக் கூப்புடுறப்பல்லாம் எனக்கு வலிக்கும்னு அவங்க நேராச் சொல்லிட்டா, விட்டுடுங்க. தெனமும் புள்ளையத் தூக்கப் போறது அவங்கதான். அப்ப வேற பேரு தேடணும்னா ஒண்ணு சொல்றேன். அயர்லாந்துக்காரன் கருத்த கூந்தல்காரின்னு சொன்னானே, அதுக்கு நம்மகிட்ட அப்பட்டமா ஒரு பேரு இருக்கு, கார்குழலி. கா-ல ஆரம்பிக்குது, ஐயரு குடுத்த எழுத்துக்குள்ள வருது. இதுதான் நெசமாவே அரிதான பேரு, இத்தனை வருசத்துல என் மேசைக்கு வந்த பெர்த் சர்ட்டிபிகேட்டுல விரல் விட்டு எண்ணிடலாம். மனைவிக்கு நீளமாப் பட்டா வீட்டுல குழலின்னு கூப்புடுங்க. ரூமில, அதாவது இங்கிலீஷ் எழுத்துல, எழுதுறப்ப ழ-வுக்கு இசட் எச்சா எல்-ஆன்னு ஒரு தலைவலி இருக்கு, எல் போடுங்க, இங்க எல்லாரும் படிக்க அதுதான் வசதி. ரெண்டு பேரையும் சேத்து கியாரா கார்குழலின்னு பதியணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க, அப்பா பேரும் பின்னால வரும், ரொம்ப நீளமாயிடும்.

எதுவா இருந்தாலும் பொறந்து 60 நாளுக்குள்ள ஜேபிஎன், அதாவது தேசியப் பதிவு இலாகாவுல பதிஞ்சுடணும், அதுக்கு மேல போனா லேட் பதிவு, அது வேற அலைச்சல். ஆஸ்பத்திரில குடுத்த பொறப்பு உறுதிக் காகிதம், உங்க ரெண்டு பேரு ஐசி, அதான் அடையாள அட்டை, கல்யாணப் பத்திரம் எடுத்துக்கிட்டுப் போங்க, கல்யாணம் கோயில்ல மட்டும் நடந்து இன்னும் பதியலன்னா மொதல்ல அதப் பாருங்க, பேரு அப்புறம். ஏ பி போடணுமா வேணாமான்னு வீட்டுலயே பேசி முடிச்சுட்டுப் போங்க, கவுண்டர்ல நின்னு புருசன் பொண்டாட்டி விவாதம் பண்றத நெறைய பாத்துட்டேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி காட்டுற தாள எழுத்தெழுத்தா விரல் வெச்சுப் படிங்க, குழந்தை பேரு மட்டும் இல்ல, அப்பா பேரும் அம்மா பேரும் ஐசில இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க, தப்பு இருந்தா அங்கயே அப்பவே சொல்லுங்க, அச்சடிச்சு கையில வாங்குனப்புறம் திருத்துறதுக்கு லீவு போட்டு மறுபடி வரணும்.